காரணம் (மூன்று வரிகளுக்கு மிகாமல்)

ஆட்சேபப் பாரத்தில்
காரணம் என்ற சொல்லுக்குக் கீழே
மூன்று கோடுகள் போட்டிருக்கிறார்கள்.
என் எழுத்தோ பெரியது.
பள்ளிவேன் ஓட்டுகிறவளின் எழுத்து,
குழியில் இறங்கி ஏறிய எழுத்து.

கணக்கிலிருந்து தொடங்கலாம் என்று நினைத்தேன்.
வேனில் பதினோரு பிள்ளைகள்.
டாஷ்போர்டுப் பெட்டியில் நான்கு பம்புகள், நான்கும் நீலம்.
மாறிப்போகாமலிருக்க
தேஷ்வின் தன்னுடையதில்
டைனோசர் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறான்.
குலுக்கி, வாயில் வைத்து, அமுக்கி,
பத்து எண்ணும்வரை மூச்சைப் பிடிக்கவேண்டும்.
சிவப்பு விளக்கில்
வேன் மொத்தமும் அவனோடு சேர்ந்து எண்ணும்.
ஏழில் பச்சை விழுந்தாலும்
பின்னால் லாரிக்காரன் ஹார்னிலேயே படுத்துக்கொண்டாலும்
பத்துவரை நான் கிளட்சை விடமாட்டேன்.

இது ஒரு கோட்டில் அடங்காது.

போன வெள்ளி இரவு
பாகான் டாலாம் மண்டபத்தில் விளக்கக் கூட்டம்.
பல் கிட்டும் குளிர்சாதனம்,
ஆளுக்கு இரண்டு கறிபஃப், ரோஸ் சிரப்.
திரையில் கடல், கரை,
இன்னும் கட்டாத புகைபோக்கி.
அதன் வாயிலிருந்து நீல அம்புக்குறிகள்
பள்ளிப் பிள்ளைகளைப்போல் வரிசை பிடித்து
கடலைப் பார்த்துப் போயின.

"இருநூறு மீட்டர் உயரம்,
உங்கள் தலைக்கு மேலேயே போய்விடும்"
என்றார் டை கட்டியவர்.
போய்விடும், போய்விடும் என்று ஆறு தடவை.
மருந்துக்கடை மிஸ் ஓய் விரல்விட்டு எண்ணினாள்.

கடைசி வரிசையில் சோஃபியான் பாக்சிக் எழுந்தார்.
வலைக்காரர். மைக்கை வாங்கவில்லை.

"உங்கள் அம்பு பொய்யில்லை, துவான்.
அது ராத்திரிக் காற்று, நிலத்திலிருந்து கிளம்புவது.
எங்கள் படகை அதுதான் வெளியே தள்ளும்.
வெயில் ஏறினால் கடல் திரும்பிப் பார்க்கும்.
எங்களை வீட்டுக்குக் கொண்டுவருவது அந்தக் காற்று.
பகல் படம் இருக்கிறதா உங்களிடம்?"

டை கட்டியவர் பித்தானை அழுத்தினார்.
அடுத்த படம்:
வேலை வாய்ப்புகள்.

கரண்டு வேண்டாமா உனக்கு, என்கிறான் அண்ணன்.
வேண்டும்.
இதை விளக்கடியில்தான் எழுதுகிறேன்,
தலைக்கு மேல் காற்றாடி,
அடுப்படியில் நாளைக்கு மாவு அரைபடுகிறது.
பிறையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டு அவனுக்கு,
ஒப்பந்தம் மார்ச்சோடு முடிகிறது.
அந்த வேலைவாய்ப்புப் படத்தை
அவன் கைப்பேசியில் பிடித்து வைத்திருப்பது எனக்குத் தெரியும்.
நான்கு பம்புகளில் ஒன்று
அவன் மகளுடையது என்பது அவனுக்குத் தெரியும்.
ரசத்தை என் பக்கம் நகர்த்தினான்.
வேறொன்றும் பேசவில்லை.

புகைமூட்டம் வந்த வருடம்
பாலம் பாதியில் காணாமல் போயிற்று.
தீவு இருந்த இடத்தில் அழுக்குப் பஞ்சு.
காற்றுக் குறியீடு இருநூறைத் தாண்டியதும்
பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள்,
எனக்கு வாரம் முழுக்க சம்பளமில்லை.
அப்போது, வெளியூர்ப் புகை என்று
ஏசுவதற்காவது இடமிருந்தது.
இதற்கு நம் ஊர்ப் பெயரையே வைக்கப்போகிறார்களாம்.

திங்கட்கிழமை பிள்ளைகளை இறக்கிவிட்டு
ஆயிரத்து நாற்பது பாரங்களை
அவர்கள் உட்கார்ந்த சூட்டிலேயே அடுக்கி
பெல்ட் மாட்டி
மெதுவாக ஓட்டிக்கொண்டு போனேன்.

கவுண்டர்ப் பையன்
ஒவ்வொன்றாகத் தேதி குத்திக்கொண்டே வந்தான்.
தமிழ்ப் பையன். லேசாக மூக்கடைப்பு.
என்னுடையதில் கை நின்றது.

ஒன்று இரண்டு மூன்று
நான்கு ஐந்து ஆறு
ஏழு எட்டு ஒன்பது

"என்னக்கா இது, காரணத்தைக் காணோம்?"
அதுதான் காரணம், என்றேன்.
"பத்து?"

கோடு முடிந்துவிட்டது தம்பி.

முத்திரையை மையில் ஒற்றியவன்
குத்தாமல்
கொஞ்ச நேரம் பிடித்தபடியே இருந்தான்.